கருமணலுக்குப் பயந்தவள் மகனுக்கு எழுதுவது

மக்களே,

நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நேற்று சாயங்காலம் போன் திரையிலேயே பார்த்துவிட்டேன். முகம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, தாடி வளர்ந்திருக்கிறது, கல்யாண மாப்பிள்ளைக்கு அது ஆகாது, ஊருக்கு வருவதற்குள் எடுத்துவிடு. மற்றபடி சுகம் விசாரித்துத் தாளை வீணாக்கப் போவதில்லை. நானும் சுகம்தான், முட்டுவலியைச் சேர்க்காவிட்டால். போனில் பேசாமல் எதற்கு இத்தனை பக்கம் எழுதி, லீவு முடிந்து திரும்புகிற பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறாள் என்று நீ கேட்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்த உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. வளைகுடாவுக்குப் பேசினால் ஊரிலுள்ள எல்லா அம்மாக்களுக்கும் கிடைக்கிற சிக்னல் எனக்கு மட்டும் கிடைப்பதில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு ஆறிய பிறகு எடுத்துப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உனக்கும் ஜென்சிக்கும் மூன்று கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயரும் உன் அப்பா பெயரும் என் பெயரும் மைக்கில் கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு சாமியார் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று. எத்தனை ஓலை கேட்டிருக்கிறேன், அந்த இடம் வரும்போது சேலை முந்தானையைச் சரிசெய்வதோ, பிள்ளைகளை அதட்டுவதோதான் என் வழக்கம். அன்றைக்குக் கை முந்தானைக்குப் போகவில்லை. கோயில் கேட்கிற தடை வேறு, என் மனதில் கிடப்பது வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒன்றை அறிந்தவளாக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பூசை முடிகிறவரை நிமிர்ந்து பீடத்தைப் பார்க்க முடியவில்லை.

உனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். முட்டத்துக்குப் பக்கத்தில் நம் கரையில் நான் மருமகளாக வந்து இறங்கியபோதே உன் அத்தை படுக்கையில் இருந்தாள். உன் அப்பாவின் அக்கா. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மார்பில் கட்டி. அவள் போய்ச் சேர்ந்த சில வருஷத்தில் உன் சித்தப்பா. பந்து விளையாடி விழுந்த கால் வீங்குகிறது என்று எண்ணெய் தேய்த்தார்கள், அது எலும்பில் வந்த புற்று. மீசை முளைத்தும் முளைக்காத வயது அவனுக்கு. கரையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. கருமணல். நம் கரை மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்று எத்தனையோ பேர் மெஷின் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் யாருக்கு என்ன வந்தாலும் மணல்தான். என் நாத்தனாரையும் கொழுந்தனாரையும் மணல் தின்றது என்றுதான் நானும் நம்பினேன். நீயும் ஷீபாவும் கரையில் குழிதோண்டி விளையாடிவிட்டு வந்தால், அடித்துக் குளிப்பாட்டி, நகக்கண்ணிலிருக்கிற கறுப்பை ஈர்க்குச்சியால் தோண்டியெடுப்பேன். நீ அழுவாய். உன் அக்கா அழமாட்டாள், என்னையே முறைத்துக்கொண்டிருப்பாள்.

கடல் ஏறி வந்த வருஷம் நம் வீடு போனது. உயிர் போகவில்லை, அது கடவுள் கிருபை. அரசாங்கம் சுனாமி வீடு கட்டித் தந்தபோது எல்லோரும் சாவி வாங்கினார்கள், நான் மட்டும் வேண்டாம் என்றேன். அதுவும் மணலில்தானே நிற்கப் போகிறது. கடலிடமிருந்து தப்பிவிட்டோம், மணலிடமிருந்தும் தப்பிவிடுவோம் என்று உன் அப்பாவை நச்சரித்து, நச்சரித்து, குலசேகரத்துக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்கு இழுத்துவந்தவள் நான். கடலில் வள்ளத்தில் நின்ற மனுஷன், பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் முதல் மாதம் மரத்தை எல்லாம் காயப்படுத்தி முதலாளியிடம் ஏச்சு வாங்கினார். சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால் வடிவதைப் பார்த்துக்கொண்டு, "மரம் எங்கயும் ஓடாதுல்லா, அதான் எனக்குப் பிடிக்கல" என்பார். உனக்கு ஞாபகம் இருக்கும், மீன் வாங்க சந்தைக்குப் போனால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பி வருவார். எனக்காகவும் உங்களுக்காகவும்தான் அந்த மனுஷன் மலையில் கிடந்தார். நான்கைந்து வருஷத்தில் தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தார், மூளையில் கட்டி என்றார்கள், அந்த வருஷக் கோயில் பெருநாளுக்குள் முடிந்துவிட்டது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிறந்ததிலிருந்து மணலில் புரண்டவர், உள்ளே போனது போனதுதானே, பிள்ளைகளையாவது நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிறகு ஷீபா. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். குளித்துவிட்டு வந்து, "ம்மா, இஞ்ச ஒண்ணு தொட்டுப் பாரு" என்றாள். தொட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, உன் அத்தைக்கு ஒத்தடம் கொடுத்த கை இது. திருவனந்தபுரத்துக்கு நீதான் எங்களைக் கூட்டிப் போனாய். டாக்டர் எழுதிக்கொண்டே, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, மக்களே. குடும்பத்தில் வந்தது என்றால் குடும்பத்தின் ரத்தத்தில் வந்தது. இவர்களுக்கு வந்தது மணலிலிருந்து. வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கல்யாணத்துக்கு நிற்கிற பெண், பரம்பரை நோய் என்று ஒரு பேர் விழுந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. மார்பை முழுதும் எடுத்துவிடலாம், அல்லது கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கதிர் பாய்ச்சுகிற கரண்ட் வைக்கலாம், இரண்டும் ஒரே பலன்தான் என்றார்கள். அவர்கள் அறிந்த அளவில் சரியாகத்தான் சொன்னார்கள். நான் இரண்டாவதைச் சொன்னேன். ஷீபா வாய் திறப்பதற்குள் நானே சொன்னேன். முழுதாக இருக்கட்டும், நாளை ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டியவள்.

கரண்ட் வைக்கிற அறைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மஞ்சளில் கறுப்பாக மூன்று இதழ் விரித்த மாதிரி ஓர் அடையாளம் அந்தக் கதவில் இருக்கும், அதையே பார்த்துக்கொண்டு ஜெபமாலை சொல்வேன். மணலில் இருக்கிற அதே கதிர்தான் உள்ளே என் பிள்ளை மேல் விழுகிறது என்று யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அது நோய் தருகிற கதிர், இது நோய் தீர்க்கிற கதிர், அவ்வளவுதான் என் அறிவு. அவளும் தேறினாள். முடி வளர்ந்தது, பள்ளிக்கூட வேலைக்குப் போனாள், நீயும் நாகர்கோவிலில் உன் படிப்பை முடித்து விமானம் ஏறினாய். நமக்கு நல்ல காலம் என்று நினைத்த சில வருஷங்கள் அவை.

இரண்டாவது கட்டி வந்தது விலா எலும்பின் மேல், கரண்ட் வைத்த இடத்துக்கு அடியிலேயே. பழையது பரவவில்லை, இது வேறு ஜாதி என்றார்கள். இந்த முறை பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா, மலையாளமும் தமிழும் கலந்து பைய பேசுகிறவள். அவள் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் எப்படி இறந்தார், அவர்கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்த வயதில், எதனால் என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம் என்று வரைந்து, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கறுப்படித்துக்கொண்டே போனாள். மணல், டாக்டர், மணல் என்று நடுவில் சொல்லிப் பார்த்தேன். அவள் பேனாவை வைத்துவிட்டு, அந்த மணலில் உங்களோடு குடியிருந்த மற்ற வீடுகளிலும் இப்படித்தானா என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். வரிசையாக இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இல்லை, மக்களே. அங்கே ஒன்று, இங்கே ஒன்று இருந்தது, வயதானவர்களுக்கு. இளம் வயதில் இப்படி வரிசையாகப் போனது நம் வீட்டில் மட்டும்தான். இத்தனை வருஷம் அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்கவில்லை.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், பல வாரம் கழித்து பதில் வந்தது. நான் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டு, அதை வைத்தே விளக்கினாள். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது தப்பு வருமல்லவா, அதுபோல உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது தன்னைத்தானே பார்த்து எழுதுகிறது, தப்பு வந்துகொண்டேதான் இருக்கும். தப்பாக எழுதுகிறதை நிறுத்தி, திருத்திவிட்டு மேலே போ என்று சொல்ல ஒரு மரபணு உண்டு. திருத்த முடியாத அளவுக்குக் கெட்டுப்போனால், நீ எழுதவே வேண்டாம், அழிந்துபோ என்று சொல்வதும் அதுதான். கட்டி வளராமல் அடக்குகிற மரபணு. உங்கள் வீட்டுக்காரர் குடும்பத்தில் அது பிறவியிலேயே கெட்டுப்போய் இறங்கி வருகிறது, அதனால்தான் ஒருவருக்கு மார்பில், ஒருவருக்கு எலும்பில், ஒருவருக்கு மூளையில் என்றாள். இந்த மரபணு கெட்டவர்களுக்குக் கதிர் பட்டால் செல்லில் தப்பு கூடும், தடுக்க ஆள் குறைவு, அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் கரண்டைத் தவிர்ப்போம் என்றாள். அப்படியென்றால் முதல் முறை நான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரண்டால்தான் இது வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அது இல்லாமலும் வந்திருக்கலாம் என்றாள். நல்ல மனசு. இல்லை என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

மணலுக்குப் பயந்து மலைக்கு ஓடியவள் நான். எதற்குப் பயந்தேனோ அது உன் அப்பாவின் உடம்புக்குள் உட்கார்ந்து எங்களோடு பஸ் ஏறி வந்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை, ஓடி வந்த பிறகு நானே என் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கதிருக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறேன்.  ஷீபாவிடம் சொன்னபோது அவள்தான் சிரித்தாள். "அப்பா வீட்டுல இருந்து நமக்கு வேற என்னம்மா கெடச்சுது? இதயாவது பங்கு வைக்காம தந்திருக்காவ" என்றாள். உன் அக்காவின் வாய் உனக்குத் தெரியும். நீ கடைசியாக வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு ஒரு நாள், "தம்பிய செக் பண்ணச் சொல்லும்மா, அவனுக்கு என்ன மாதிரி ஆகண்டாம்" என்றாள். செத்தவள் சொன்னதைச் சொல்லி உன்னை மடக்கக் கூடாது என்று இதுவரை சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், பார். அம்மாமாருக்கு வெட்கம் கிடையாது.

அவளை அடக்கம் செய்த அடுத்த வருஷம் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். வெயிலில், ஹெல்மெட் போட்டு, பெரிய குழாய்களுக்கு நடுவில் நின்று சிரிக்கிறாய். உன் காலடியில் ஒரு பெட்டி. பெட்டியில் மஞ்சளில் கறுப்பாக அந்த மூன்று இதழ். வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதை வைத்துச் சோதிக்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அன்று கேட்டேன். எக்ஸ்ரே மாதிரிதான், குழாய்க்கு ஒரு பக்கம் பிலிம், மறுபக்கம் பெட்டியிலிருந்து கதிர் விடுகிற சோர்ஸ் என்று சொன்னாய். மார்த்தாண்டத்திலிருந்தும் கருங்கல்லிலிருந்தும் எத்தனை பேர் இதே வேலை செய்கிறார்கள், எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டுகிற பேட்ஜைச் சட்டையில் குத்தியிருக்கிறோம், மாதாமாதம் அளக்கிறார்கள், எல்லாம் லிமிட்டுக்குள்தான் இருக்கிறது என்றாய். மற்றவர்களுக்கு வைத்த லிமிட் உனக்குப் போதுமா என்று தெரிய வேண்டாமா, டெஸ்ட் பண்ணு என்றேன். அப்போதுதான் சொன்னாய், "அந்தச் சவத்த விடும்மா. இருக்குன்னு தெரிஞ்சா மருந்து இருக்கா?" 

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு நான் மறுபடியும் அந்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். கெட்ட மரபணுவைத் திருத்துகிற மருந்து இன்றைக்குக் கையில் இல்லை என்றாள். ஆராய்ச்சி நடக்கிறது, எத்தனையோ புற்றுகளில் பிறவியில் நன்றாக இருந்தவர்களுக்கும் பிற்பாடு இதே மரபணுதான் கெட்டுப்போகிறது, அதனால் உலகம் முழுதும் இதைப் பற்றி யோசிக்கிறார்கள், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றாள். நீ சொன்னது சரிதான், மருந்து இல்லை. ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால் வருஷாவருஷம் கதிர் இல்லாத ஸ்கேனில் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்களாம். வந்தாலும் கடலை அளவில் இருக்கும்போதே எடுத்துவிடலாமாம். கதிரிலிருந்து விலகி இருக்கலாம். உன் படிப்பிலேயே ஒலியை அனுப்பி வெல்டிங்கைச் சோதிக்கிற வேலையும் உண்டு என்கிறார்களே. உனக்கு அது வராமலும் இருந்திருக்கலாம், பூவா தலையா போட்ட மாதிரிதான் என்றாள். பூ விழுந்திருந்தால் நீ நிம்மதியாக இருக்கலாம், உன் பிள்ளைகளும் நிம்மதியாக இருக்கும். ஆனால் தலை விழுந்திருந்தால் அதைத் தெரிந்துகொண்டு ஒவ்வொரு நாளும் எப்படி எழுந்திருப்பாய் என்று நினைக்கும்போது எனக்கும் பயமாக இருக்கிறது. டெஸ்ட் பண்ணு என்று அதட்டுகிற நானே, பதில் வரும் நாளை நினைத்து வேண்டாம் என்றும் சில நேரம் ஜெபித்திருக்கிறேன். எந்தப் பக்கம் நின்று உனக்குப் புத்தி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 

கல்யாணம் முடியட்டும், ஜென்சி வீட்டில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நீ சொன்னாய். நானும் சரி என்றேன். ஓலை வாசித்ததற்கு மறுநாள் அவள் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் நம் வீட்டுக்கு வந்தாள். சேலைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்க வந்ததாகச் சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தேன். டீயைக் குடிக்காமல், சுவரில் இருக்கிற ஷீபா படத்தின் முன்னால் போய் நின்றாள். நர்ஸ் படித்த பிள்ளை, என்ன வந்தது, எந்த வயதில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பக்கத்திலிருக்கிற உன் அப்பா படத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு அல்லாம வேற ஆருக்கும் இருந்துதா மாமி?" என்று கேட்டாள்.

இருந்தது என்று சொல்லிவிட்டேன், மக்களே. உன் அத்தை, சித்தப்பா, அப்பா, ஷீபா, டாக்டரம்மா வரைந்த வட்டமும் கட்டமும், நீ டெஸ்ட் பண்ணாமல் இருப்பது, உன் வேலை, எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன். இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பார்த்து இரண்டாம் முறை இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவள் அழவில்லை, எழுந்து போகவும் இல்லை. ஆறிப்போன டீயை எடுத்து முழுதும் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். வாசலில் செருப்பைப் போடும்போது, "நீங்க சொன்னதா அவருகிட்ட சொல்லண்டாம் மாமி. அவரே எங்கிட்ட சொல்லட்டும். நான் காத்திருக்கேன்" என்றாள். சேலை நிறத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

அவளிடமும் வாக்குக் கொடுத்தேன், அதையும் இந்த வரியோடு மீறிவிட்டேன். இனி என்னை நம்பி யாரும் எதையும் சொல்லாதீர்கள். ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். தினமும் போனில் உன்னோடு சிரித்துப் பேசுகிற அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், அது உனக்காக விடுகிற இடம். இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. அதற்குள் நீ சொன்னால் அவள் என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. போய்விடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டிலும் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மாவை மறுபடியும் பார்க்கப் போன அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். எழுந்து வரும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். இவ்வளவு கெட்டதை வைத்துக்கொண்டு ஷீபா இருபது வயது தாண்டும்வரை எப்படி நன்றாக இருந்தாள் என்று. எந்த மரபணுவும் இரண்டு இரண்டாக இருக்கும், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து என்றாள். ஒன்று கெட்டதாக வந்தாலும் மற்றது ஒற்றையாக நின்று எல்லா வேலையையும் பார்க்கும். அதுவும் ஏதோ ஒரு செல்லில் உடைந்துபோனால்தான் அங்கே கட்டி தொடங்கும். அந்த நல்லது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அது நீங்க குடுத்தது அம்மா" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், மக்களே. நான் பெற்றதற்கு ஏதோ ஒன்று செய்திருக்கிறேன், எனக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் என் பிள்ளைகளுக்குக் காவல் நின்றிருக்கிறேன். திரும்பி வருகிற பஸ்ஸில் களியக்காவிளை தாண்டும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. மார்த்தாண்டத்தில் பஸ் மாற இறங்கும்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் ஷீபாவின் மார்பில் உடைந்தது உன் அப்பா கொடுத்தது இல்லை. அது முன்பே உடைந்துதான் வந்தது. அங்கே உடைந்தது நான் கொடுத்தது. விலா எலும்பில் உடைந்ததும் நான் கொடுத்ததுதான். குலசேகரம் பஸ் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போனது, எனக்கு ஏறத் தோன்றவில்லை.

உனக்கு உன் அப்பா தந்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் தந்தது நல்லதுதான், அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் தந்தது கெட்டதாக இருந்தால், இந்த நிமிஷம் உன் உடம்பு முழுக்க, ஒவ்வொரு செல்லிலும், நான் தந்தது ஒற்றையாக நின்றுகொண்டிருக்கிறது. மாங்காய் ஊறுகாய் தீர்ந்தால் நீ ஒரு வார்த்தை சொல்வாய், வருகிறவர் கையில் அடுத்த பாட்டிலைக் கொடுத்துவிடுவேன். இது உடைந்தால் அனுப்ப என்னிடம் வேறு இல்லை, மக்களே. அதைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் முன்னால் நிறுத்தாதே.

அம்மா